கூற்றும் கேட்போரும்: திருச்சிராப்பள்ளி வானொலி நிலைய வரலாற்றை வாசித்தல்

ஆய்வுச்சுருக்கம்

1939ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் தொடங்கப்பெற்ற திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம், தமிழ் ஒலிபரப்பின் இரண்டாவது அரசு நிலையமாகும். அதன் வரலாறு இதுவரை பெரும்பாலும் தொடக்க நாள், அலைபரப்பியின் ஆற்றல், புகழ்பெற்ற கலைஞர்களின் பங்களிப்பு ஆகியவற்றின் நிரலாகவே சொல்லப்பட்டு வந்துள்ளது. இக்கட்டுரை அந்நிரலைத் தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் களன், கூற்று, கேட்போர், முன்னம், எச்சம் ஆகிய உறுப்புகளின் துணையோடு மறுவாசிப்புக்கு உட்படுத்துகிறது. நிலையத்தின் பெயர், இசைக் கொள்கை, வேளாண் ஒலிபரப்பு ஆகிய மூன்று களங்களை ஆராய்ந்து, ஒரு நிலையத்தின் வட்டாரத்தன்மை அலைபரப்பி நிற்கும் இடத்தால் அமைவதன்று, கேட்போரின் மறுமொழிக்கு அந்நிலையம் தரும் இடத்தால் அமைவது என்ற முடிவை முன்வைக்கிறது. அம்மறுமொழியில் யாருடைய குரல் விடுபட்டது என்ற வினாவையும் எழுப்புகிறது.

திறவுச்சொற்கள்: வானொலி, திருச்சிராப்பள்ளி, காவிரிப் படுகை, வட்டாரத்தன்மை, ஆடுதுறை 27, கேட்போர், தொல்காப்பியம்

முன்னுரை

இந்திய ஒலிபரப்பு வரலாற்றை எழுதியவர்களுள் ஜி.சி. அவஸ்தி, மெஹ்ரா மசானி, ஏச்.ஆர். லூத்ரா, பி.சி. சாட்டர்ஜி ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். நால்வருமே அகில இந்திய வானொலியில் பணியாற்றியவர்கள். எனவே அவர்களுடைய நூல்கள் நிறுவனத்தின் உள்ளிருந்து எழுதப்பட்டவை. கொள்கை எங்கே உருவானது, யார் உருவாக்கினார், எத்தனை அலைபரப்பிகள் நிறுவப்பட்டன என்பவற்றை அவை தெளிவாகச் சொல்கின்றன. ஆனால் தலைநகரிலிருந்து நோக்கும் பார்வையில் வட்டார நிலையம் என்பது பட்டியலில் ஒரு வரியாகவே எஞ்சுகிறது. தமிழில் வெளிவந்துள்ள நினைவுக் குறிப்புகளும் பொன்விழா மலர்களும் இக்குறையை வேறொரு வகையில் தொடர்கின்றன. அவற்றில் நிலையம் பெருமைக்குரிய ஒரு குடும்பமாகக் காட்சி தருகிறது. கேட்டவர்கள் அக்குடும்பத்தின் விருந்தினராக மட்டுமே வந்து செல்கின்றனர்.

அண்மையில் இப்போக்கு மாறத் தொடங்கியுள்ளது. இந்தி–உருது ஒலிபரப்பைக் குறித்து இசபெல் உவாகுஹா அலோன்சோ 2023இல் வெளியிட்ட நூல், கேட்போரை மையப்படுத்தி வானொலி வரலாற்றை எழுத முடியும் என்பதைக் காட்டியுள்ளது. தமிழ் ஒலிபரப்பு வரலாற்றிலும் இத்தகைய முயற்சி தேவைப்படுகிறது. அதற்கான கருவிகளை வெளியே தேட வேண்டியதில்லை. செய்யுளின் உறுப்புகளை அடுக்கிச் சொல்லும் தொல்காப்பியர் யாப்பு, அடி, தொடை என்பவற்றோடு நிறுத்திக் கொள்ளவில்லை. கூற்று, கேட்போர், களன், காலம், பயன், முன்னம், எச்சம் ஆகியவற்றையும் உறுப்புகளாகவே கொள்கிறார். சொல்லப்பட்டது மட்டுமே செய்யுள் அன்று. யார் சொன்னார், யார் கேட்டார், எவ்விடத்தில், எப்பொழுதில், என்ன பயன் கருதி என்பனவும் அதன் பகுதிகளே என்பது இதனால் பெறப்படும். அச்சில் வெளிவரும் எழுத்தைக் காட்டிலும் ஒலியாக மட்டுமே நிகழ்ந்து மறையும் வானொலிக்கு இந்நோக்கு மிகவும் பொருந்துகிறது.

களன்: தலைநகரல்லாத ஒரு நிலையம்

தமிழகத்தில் ஒலிபரப்பு அரசின் முயற்சியால் தொடங்கவில்லை. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. 1924 சூலை 31 முதல் அக்கழகம் ஒலிபரப்பியது. பொருள் நெருக்கடியால் 1927இல் கழகம் ஓய்ந்தது. அதன் அலைபரப்பி சென்னை மாநகராட்சியின் கைக்கு வந்தது. 1930 ஏப்ரல் முதல் மாநகராட்சி தானே ஒலிபரப்பை நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் அமைக்கப்பட்டன. மாநகராட்சிப் பள்ளிகளின் மாணவர்க்கும் நிகழ்ச்சிகள் ஒலிபரப்பப்பட்டன. 1938 சூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியதும் இம்முயற்சி முடிவுக்கு வந்தது.

இங்கே ஒரு முரண் கவனிக்கத்தக்கது. உண்மையான பொருளில் உள்ளூர் ஒலிபரப்பு என்று சொல்லத்தக்கது, ஒரு நகரம் தன் குடிமக்களுக்காகத் தானே நடத்திய அந்த மாநகராட்சி ஒலிபரப்பே. அரசின் வானொலி வந்தபோது உள்ளூர் ஒலிபரப்பு தொடங்கவில்லை, முடிந்தது. அதன் பின்னர் தோன்றிய ஒவ்வொரு நிலையமும் தில்லியின் ஆட்சிக்கு உட்பட்டுக்கொண்டே தன் ஊருக்கு உரியதாகவும் ஆக வேண்டியிருந்தது. திருச்சிராப்பள்ளி நிலையத்தின் வரலாறு இந்த இருநிலைக்குள்ளிருந்தே எழுகிறது.

1936இல் இந்தியாவுக்கு வந்த பி.பி.சி. பொறியாளர் ஏச்.எல். கிர்க், மத்திய அலை நிலையங்களை நிறுவும் திட்டத்தை முன்வைத்தார். அவரைத் தொடர்ந்து தலைமைப் பொறியாளராகப் பொறுப்பேற்ற சி.டபிள்யூ. கோய்டர், பரந்த நாட்டைக் குறைந்த செலவில் எட்டுவதற்குச் சிற்றலையே ஏற்றது என்று கருதினார். இவ்விரு கருத்துகளும் இணைந்தே தொடக்ககால நிலையங்கள் உருவாயின. சென்னைக்குச் சிற்றலையும் மத்திய அலையும் கிடைத்தன. திருச்சிராப்பள்ளிக்கு 5 கிலோவாட் ஆற்றல்கொண்ட மத்திய அலை மட்டும் கிடைத்தது.

பொறியியல் சார்ந்த இச்செய்தி பண்பாட்டு வரலாற்றுக்கும் உரியது. சிற்றலை வானில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்லும். அதற்கு ஊர் என்று ஒன்று இல்லை. மத்திய அலை பகற்பொழுதில் நிலத்தைத் தழுவிச் செல்லும். நிலத்தின் ஈரமும் தன்மையும் அதன் எல்லையை வரையறுக்கும். திருச்சிராப்பள்ளியிலிருந்து கிழக்கே பரவிய அலை காவிரிப் படுகையின் நன்செய் நிலத்தின் மீது சென்றது. நிலையத்தின் கேட்போர் யார் என்பதை எந்த ஆணைக்கும் முன்னதாக இயற்பியலே ஓரளவு முடிவு செய்துவிட்டது.

1947இல் நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவில் எஞ்சிய அகில இந்திய வானொலி நிலையங்கள் ஆறு. அவை தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, இலக்னோ, திருச்சிராப்பள்ளி ஆகியன. அன்றைய ஒலிபரப்பு நாட்டின் பரப்பில் 2.5 விழுக்காட்டையும் மக்கள்தொகையில் 11 விழுக்காட்டையுமே எட்டியது. இவ்வாறனுள் நாட்டின் தலைநகராகவோ மாகாண ஆட்சியின் தலைமையிடமாகவோ இல்லாத ஊர் திருச்சிராப்பள்ளி ஒன்றே. ஏனைய ஐந்தும் ஆள்வோரின் நகரங்கள். 1963இல் திருநெல்வேலியும் 1966இல் கோயம்புத்தூரும் 1967இல் புதுச்சேரியும் நிலையம் பெறும்வரை, சென்னைக்கு வெளியே தமிழ்நிலத்திலிருந்து எழுந்த ஒரே வானொலிக் குரல் இதுவே. தலைநகரல்லாத களனில் நின்று பேசுதல் என்பது இந்நிலையத்தின் தனிக்கூறு.

கூற்று: ஒரு நாளில் இரண்டு பெயர்கள்

வானொலியில் கூற்று எப்போதும் பெயர் சொல்லித்தான் தொடங்கும். பேசுவோர் முகம் தெரியாத ஊடகத்தில் பெயரே முகமாகிறது. எனவே நிலையம் தன்னை எவ்வாறு அழைத்துக் கொண்டது என்பது வெறும் சொல்லாட்சிச் சிக்கல் அன்று.

'ஆகாசவாணி' என்ற பெயர் 1935இல் மைசூரில் எம்.வி. கோபாலசாமி நடத்திய நிலையத்தோடு தொடர்புடையது. 1950களின் பிற்பகுதியில் அகில இந்திய வானொலி முழுமைக்கும் அது இந்தியப் பெயராக ஏற்கப்பட்டது. தமிழகத்தில் அதற்கு எதிர்ப்பு எழுந்தது. அதற்கு முன்னரே 'வானொலி' என்ற சொல் மக்கள் வழக்கில் வேரூன்றியிருந்தது. நிகழ்ச்சி நிரல்களைத் தாங்கி வந்த தமிழ் இதழின் பெயரும் 'வானொலி' என்பதே. நிலைய அறிவிப்புகளில் அச்சொல்லே நிலைத்தது. தில்லியிலிருந்து அஞ்சல் செய்யப்பட்ட தமிழ்ச் செய்தியறிக்கையோ 'ஆகாசவாணி' என்றே தொடங்கியது. சரோஜ் நாராயணஸ்வாமியின் குரலோடு அச்சொல் ஒரு தலைமுறையின் செவியில் பதிந்துள்ளது. ஆக, ஒரே ஏற்பியில், ஒரே நாளில், ஒரே நிறுவனம் தன்னை இரண்டு பெயர்களால் அழைத்துக் கொண்டது. செய்தி வரும்போது தில்லியின் பெயர். செய்தி முடிந்ததும் ஊரின் பெயர்.

இவ்விரு சொற்களும் ஒரே பொருளைச் சுட்டுவன போலத் தோன்றினும் அவை உணர்த்தும் உறவுகள் வேறு. ஆகாசவாணி என்பது புராணக் கதைகளிலும் தெருக்கூத்திலும் வரும் அசரீரியை நினைவூட்டும் சொல். அசரீரி அறிவிக்கும், எச்சரிக்கும், விடை கேட்காது. கேட்பவர் கைகூப்பி நிற்பதே அங்கு வழக்கம். வானொலி என்பதோ வானின் வழி வரும் ஒலி என்ற அளவில் நிற்கும் எளிய சொல். அதில் ஆணையும் இல்லை, தெய்வமும் இல்லை. ஒருவர் பேசுகிறார், மற்றவர் கேட்கிறார் என்ற சமநிலைக்கு அது இடம் தருகிறது. பெயரை எதிர்த்தவர்கள் மொழித் தூய்மையை மட்டும் காக்கவில்லை. கூற்றுக்கும் கேட்போருக்கும் உள்ள உறவைப் பற்றியும் ஒரு நிலைப்பாட்டை எடுத்தனர் என்று கொள்ளலாம். 2023இல் ஆங்கில அறிவிப்புகளிலும் 'ஆகாசவாணி' என்றே வழங்க வேண்டும் என ஆணை வந்தபோது தமிழகத்தில் மீண்டும் எதிர்ப்பு எழுந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்வினா முடியவில்லை என்பதற்கு அது சான்று.

முன்னம்: எவ்விசை எவருக்கு உரியது

இக்கூற்று இவ்விடத்தில் இவர்க்கு இவர் சொல்லத் தக்கது என்று கேட்போர் உய்த்துணரும்படி அமைவதே முன்னம். வானொலியில் அது இசை வழியாகவே முதலில் உணரப்படுகிறது. பெட்டியிலிருந்து எழும் இசை எத்தகையது என்பதைக் கொண்டே, இது நமக்குப் பேசுகிறதா, பிறர்க்குப் பேசுகிறதா என்று கேட்பவர் முடிவு செய்கிறார்.

திருச்சிராப்பள்ளி நிலையம் தொடங்கிப் பத்து மாதம்கூட நிறைவுறாத நிலையில், 1940 மார்ச் முதல் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியம் விலக்கப்பட்டது. இந்திய இசையின் நுண்சுருதிகளையும் கமகங்களையும் அக்கருவி தராது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இசையியல் நோக்கில் அக்காரணத்திற்கு வலு உண்டு. ஆனால் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை வட்டாரங்களில் சங்கரதாஸ் சுவாமிகளின் மரபில் வந்த இசை நாடகங்களுக்கு ஆர்மோனியமே உயிர்நாடி. மேடையில் ஆர்மோனியக்காரர் நாடகத்தை நடத்துபவராகவே அமர்ந்திருப்பார். இந்தியா முழுமைக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட ஒரு விதி, நிலையத்தின் வாசலிலேயே நின்ற ஒரு கலைமரபைத் தன் இயல்பான வடிவில் உள்ளே வரவிடாமல் செய்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. அதற்குள் அந்நாடக மரபு தன் நகர்ப்புற அவையைப் பெரிதும் இழந்திருந்தது. திரைப்படமே அதற்கு முதற்காரணம் என்றாலும், அம்மரபைக் காத்து வைத்திருக்கக்கூடிய ஓர் ஊடகம் அதனைத் தன் விதியால் விலக்கி வைத்தது என்பதும் வரலாறே.

அதே காலத்தில் எதிர்த்திசையிலிருந்து மற்றொரு குரல் எழுந்தது. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாட்டுக்குப் பின் வலுப்பெற்ற தமிழிசை இயக்கம், கச்சேரி மேடைகளிலும் வானொலி நிலையங்களிலும் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்று கோரியது. தெலுங்கிலும் வடமொழியிலும் அமைந்த கீர்த்தனைகளின் பெருமையை மறுப்பது அதன் நோக்கமன்று. கேட்போரின் மொழியும் கூற்றின் மொழியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே அதன் உட்கிடை. கேட்போர் வானொலியின் உள்ளடக்கத்தைப் பற்றி ஒன்றுதிரண்டு கேள்வி எழுப்பிய தொடக்ககால நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று என்ற அளவில் இது ஒலிபரப்பு வரலாற்றுக்கும் உரியது.

1952இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர் காலத்தில் திரைப்பாடல்கள் குறைக்கப்பட்டன. செவ்வியல் இசையால் மக்களின் சுவையை உயர்த்தலாம் என்பது அவர் நம்பிக்கை. அக்கொள்கை செவ்வியல் கலைஞர்களுக்கு நிலையான ஆதரவைத் தந்தது என்பதை மறுக்க இயலாது. தஞ்சைப் படுகையின் நாகசுரமும் வாய்ப்பாட்டும் வானொலியால் புதிய வாழ்வு பெற்றன. திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனையை நேரில் காண இயலாதவர்களும் வீட்டிலிருந்தே கேட்டனர். ஆனால் கேட்போர் ஒரு பகுதியினர் இலங்கை வானொலிக்குச் சென்றனர். கடலோர மாவட்டங்களில் அதன் ஒலி தெளிவாகக் கேட்டது. திரைப்பாடல் மட்டுமே அவர்களை ஈர்த்தது என்று கருதுவது அரைகுறை விளக்கமாகும். எஸ்.பி. மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளர்கள் கேட்போரோடு உரையாடுவது போலப் பேசினர். பாடலை விரும்பிக் கேட்டு எழுதியவர்களின் பெயரும் ஊரும் ஒலிபரப்பில் சொல்லப்பட்டன. அயல்நாட்டு நிலையம் ஒன்று தம் ஊர்ப்பெயரை உச்சரிப்பதைக் கேட்ட நேயருக்கு, அருகிலிருக்கும் நிலையம் தொலைவானதாகவும் கடல் கடந்த நிலையம் அண்மையானதாகவும் தோன்றியதில் வியப்பில்லை. 1957இல் விவித்பாரதி தொடங்கப்பட்டது இவ்விடப்பெயர்ச்சிக்குத் தரப்பட்ட விடை. வட்டாரத்தன்மை தொலைவைப் பொறுத்ததன்று என்பதை இவ்வரலாறு தெளிவாக்குகிறது.

கேட்போர்: வானொலி நெல்

கேட்போரின் மறுமொழிக்கு அகில இந்திய வானொலி திட்டமிட்டு இடம் தந்த களம் வேளாண் ஒலிபரப்பே. 1956இல் யுனெஸ்கோவின் துணையோடு புனே வட்டாரத்தில் ஓர் ஆய்வு நிகழ்ந்தது. ஐந்து மாவட்டங்களில் ஏறத்தாழ 150 ஊர்களில் உழவர் மன்றங்கள் அமைக்கப்பட்டு 20 நிகழ்ச்சிகள் ஒலிபரப்பப்பட்டன. மன்றத்தார் கூடிக் கேட்டனர். கேட்டதைப் பற்றித் தமக்குள் விவாதித்தனர். ஐயங்களை நிலையத்துக்கு எழுதினர். அடுத்த நிகழ்ச்சியில் விடை வந்தது. இதனை மதிப்பிட்ட பால் நியூராத், மன்றங்கள் இருந்த ஊர்களில் அறிவு வளர்ச்சி தெளிவாகக் கூடியிருந்ததைக் கண்டறிந்தார். ஊரில் வானொலிப் பெட்டி மட்டும் இருந்து மன்றம் இல்லாதபோது அவ்வளர்ச்சி மிகக் குறைவாகவே இருந்தது. கருவியைவிடக் கலந்துரையாடலே பயன் தந்தது என்பது இதன் சாரம்.

இப்பின்புலத்தில் 1966இல் பத்து நிலையங்களில் பண்ணை–இல்ல ஒலிபரப்புப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. திருச்சிராப்பள்ளி அவற்றுள் ஒன்று. தஞ்சாவூர் மாவட்டம் 1960–61 முதலே தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தின்கீழ் இருந்தது. அவ்வேளையில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ஆடுதுறை 27 என்ற இரகத்தை வெளியிட்டிருந்தது. சப்பானிய நோரின் 10 இரகத்தையும் தமிழகத்தின் ஜி.இ.பி. 24 இரகத்தையும் கலந்து பெறப்பட்ட குறுகியகால நெல் அது. குறுவைப் பட்டத்துக்கு ஏற்றது; உரத்துக்கு நன்கு ஈடுகொடுப்பது.

புதிய இரகம் ஒன்றைப் பயிரிடுவது உழவருக்கு எளிய முடிவன்று. நாற்றங்கால் நாள், நடவின் இடைவெளி, உரம் இடும் தவணை, பூச்சி கண்டால் செய்ய வேண்டுவது என ஒவ்வொன்றும் பழைய வழக்கத்திலிருந்து மாறுபடும். ஒன்று தவறினாலும் ஒரு போகம் போய்விடும். இந்நிலையில் திருச்சிராப்பள்ளி நிலையம் பருவத்தோடு ஒட்டிப் பேசியது. மேட்டூரில் நீர் திறப்பதும், கால்வாயில் நீர் வருவதும், நாற்று விடுவதும் எந்த ஒழுங்கில் நிகழ்கின்றனவோ அந்த ஒழுங்கில் ஒலிபரப்பும் அமைந்தது. தொல்காப்பியர் கூறும் காலம் என்ற உறுப்பு இங்கே பருவமாகவே வந்து நிற்கிறது. ஆடுதுறை 27 பரவியபோது உழவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டனர். ஆராய்ச்சி நிலையம் எண்ணால் குறித்த பயிருக்கு ஊர் தன் வழக்கில் ஒரு பெயரைத் தந்தது. மேலிருந்து வந்த பெயரை எதிர்த்த மக்கள், தம் வயலுக்கு வந்த பயிருக்கு ஊடகத்தின் பெயரையே மகிழ்ந்து இட்டனர் என்பது ஒப்புநோக்கத் தக்கது. நிலையம் ஊருக்கு உரியதாயிற்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

எச்சம்: சொல்லாமல் விட்டதும் கேளாமல் விட்டதும்

நிறுவன வரலாறுகள் இவ்விடத்தில் நிறைவு கொள்கின்றன. ரேடியோ நெல் என்ற பெயர் வெற்றிக் கதையின் கடைசி வரியாகிவிடுகிறது. ஆய்வு அவ்வாறு நிறைவு கொள்ள இயலாது. சொல்லாலோ குறிப்பாலோ பின்னர் முடிக்கப்படுமாறு நிற்பதையே எச்சம் என்பர். இக்கதையில் நிற்கும் எச்சத்தையும் முடித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவதாக, நெல் பரவியதற்கு ஒலிபரப்பு மட்டும் காரணமன்று. கால்வாய்ப் பாசனம், கூட்டுறவுக் கடன், உர வழங்கல், விரிவாக்கப் பணியாளர்கள் ஆகியவை முன்னரே அம்மாவட்டத்தில் ஒருங்கமைக்கப்பட்டிருந்தன. வானொலி அவ்வமைப்பின் குரலாக இருந்தது. இவை இல்லாத மாவட்டத்தில் அதே குரல் அதே பயனைத் தந்திருக்காது. அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு நெருங்கி வந்ததால் ஈரநெல்லை உலர்த்தும் புதிய சிக்கலும் தோன்றியது. விதையைப் பற்றிய அறிவு வயலில் முடிந்துவிடவில்லை. களத்துமேடுவரை தொடர வேண்டியிருந்தது.

இரண்டாவதாகவும் முதன்மையாகவும் எழும் வினா, கேட்போர் என்ற சொல்லுக்குள் யார் அடங்கினர் என்பது. எந்த விதையை இடுவது, எவ்வளவு உரம் வாங்குவது என்று முடிவு செய்யக்கூடியவருக்கே வேளாண் ஒலிபரப்பின் கூற்று பொருள்படும். 'உழவர்களே' என்ற விளியில் நிலவுடைமையாளரும் குத்தகையாளரும் இருக்கலாம். நாற்றைப் பறிப்பவரும் நடுபவரும் அறுப்பவரும் அவ்விளியின் ஓரத்திலேயே நின்றனர். அவர்களுக்கு விதை ஒரு தேர்வன்று. கூலியே தேர்வுக்குரிய பொருள். தஞ்சாவூர் மாவட்டத்தில் நிலமற்ற தொழிலாளர் தொகையும் அவருள் தாழ்த்தப்பட்ட சாதியினரின் தொகையும் மிகுதி என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. பிரான்சின் பிராங்கல் 1971இல் வெளியிட்ட ஆய்வு, பசுமைப் புரட்சி நிகழ்ந்த ஐந்து மாவட்டங்களுள் தஞ்சாவூரையும் எடுத்துக்கொண்டு, விளைச்சலின் பயன் சமமாகப் பகிரப்படாததையும் அதனால் கூர்மையடைந்த முரண்களையும் விளக்கியது.

1968 டிசம்பர் 25 அன்று கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வுப் போராட்டத்தின் உச்சத்தில், தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்தே கூலிச் சிக்கலை ஆராய ஆணையம் அமைக்கப்பட்டது. 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. பண்ணை–இல்ல ஒலிபரப்புப் பிரிவு தொடங்கி இரண்டே ஆண்டுகளில், அதே நன்செய் நிலத்தில், அதே பயிர்க் காலத்தில் நிகழ்ந்தது இது. இவ்விரண்டையும் காரண–காரியமாக இணைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. வானொலி கூலி முரணை உண்டாக்கவுமில்லை. ஆனால் ரேடியோ நெல்லின் வரலாற்றையும் கீழ்வெண்மணியின் வரலாற்றையும் தனித்தனி நூல்களில் தனித்தனித் துறைகளின் பொருளாக எழுதிவரும் முறை ஏற்கத்தக்கதன்று. விளைச்சலைப் பற்றிப் பேசும் மொழி நிலையத்திடம் வளர்ந்திருந்தது. விளைந்ததைப் பகிர்வது பற்றிப் பேசும் மொழி ஒலிபரப்பின் கட்டமைப்பிலேயே இடம் பெறவில்லை. அரசு ஊடகத்தின் மறுமொழி ஏற்பாடு தொழில்நுட்ப ஐயங்களுக்குத் திறந்திருந்தது. உரிமை பற்றிய வினாக்களுக்கு மூடியிருந்தது. ஒரு நிலையம் வட்டாரத்துக்கு உரியதாவது என்பது அவ்வட்டாரத்தின் அனைவருக்கும் உரியதாவது என்று பொருள்படாது.

இங்கே இலக்கியத்தோடு ஒப்பிடுதல் பயனுடையது. தஞ்சை மண்ணில் பிறந்த தி. ஜானகிராமன் சென்னை நிலையத்திலும் பின்னர் தில்லியிலும் கல்வி ஒலிபரப்பில் பணியாற்றினார். அகிலன் சென்னை நிலையத்தில் பணியாற்றினார். எழுத்தாளர்களை வானொலி ஆதரித்தது என்பதற்கு இவர்களைச் சான்று காட்டுவர். அக்கூற்று சரியானதே. எனினும் எழுத்தாளர்கள் தாம் எழுதிய புனைகதைகளில் தொட்ட சமூக முரண்களை அவர்கள் பணியாற்றிய நிறுவனத்தின் அலைவரிசை தொட இயன்றதா என்று கேட்பதே திறனாய்வின் கடமை. எழுதுகோலுக்கு இருந்த உரிமை ஒலிவாங்கிக்கு இல்லை. வானொலி இலக்கியத்தை மதிப்பிடும்போது இவ்வேறுபாட்டை மறந்துவிடலாகாது.

இன்றைய நிலை

1990இல் இயற்றப்பட்ட பிரசார் பாரதிச் சட்டம் 1997இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர், 1995இல் உச்ச நீதிமன்றம் வானலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் வழியே தனியார் பண்பலை நிலையங்களும், 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வளாக வானொலியும், 2006க்குப் பின் தொண்டு நிறுவனங்களின் சமுதாய வானொலிகளும் தோன்றின. ஆயினும் தனியார் நிலையங்களும் சமுதாய நிலையங்களும் தாமே செய்தி திரட்டி ஒலிபரப்ப இசைவு இல்லை. ஓர் ஊரின் வானொலி, அவ்வூரில் நிகழ்ந்ததைச் செய்தியாகச் சொல்ல இயலாத நிலை இன்றும் தொடர்கிறது. 1968இல் இருந்த எச்சம் வேறு வடிவில் இப்போதும் உள்ளது.

மறுபுறம் அரசு நிலையங்களில், செலவைக் குறைக்கும் நோக்கோடு மாநிலம் முழுமைக்கும் பொதுவான நிகழ்ச்சிகளை ஓரிடத்திலிருந்து ஒலிபரப்பும் போக்கு வலுப்பெற்று வருகிறது. 936 கிலோஹெர்ட்சில் ஒலித்துவந்த திருச்சிராப்பள்ளியின் தனிக்குரல் இவ்வகையில் சுருங்கினால் இழப்பாவது சில நிகழ்ச்சிகள் மட்டுமல்ல. குறுவைக்கு நீர் வருமா என்று ஏங்கும் படுகையின் பருவத்தை அறிந்து பேசும் காலம் என்ற உறுப்பே இழப்பாகும். அவ்விழப்பை எதிர்க்கும் வாதம் பழம்பெருமையை மட்டும் ஊன்றி நிற்குமாயின் வலுவிழக்கும். 'எங்கள் நிலையம் தொன்மையானது' என்பது காரணமாகாது. 'எங்கள் நிலையத்தோடு நாங்கள் பேசினோம். இன்னும் பேச வேண்டியவர்கள் இருக்கிறார்கள்' என்பதே காரணமாகும்.

முடிவுரை

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையத்தின் வரலாற்றை மூன்று களங்களில் வாசித்ததன் வழி பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

அலைபரப்பி நிற்கும் ஊரால் மட்டும் நிலையம் அவ்வூருக்கு உரியதாவதில்லை. ஆர்மோனியத் தடைக்காலத்தில் திருச்சிராப்பள்ளி நிலையம் தன் அருகிலிருந்த நாடக மரபுக்கு அயலாக நின்றது. அதே வட்டாரத்தின் நேயர்களுக்கு இலங்கை வானொலி அண்மையானதாக இருந்தது.

பெயர் குறித்த எதிர்ப்பும் தமிழிசைக் கோரிக்கையும் கேட்போர் வெறும் ஏற்பிகளாக இருக்க மறுத்த நிகழ்வுகள். அவற்றை அரசியல் வரலாற்றின் பகுதியாக மட்டுமன்றி ஒலிபரப்பு வரலாற்றின் உள்ளுறுப்பாகவும் கொள்ள வேண்டும்.

வேளாண் ஒலிபரப்பு கேட்போரின் மறுமொழியை ஏற்ற அளவில் ஊரின் குரலாயிற்று. மறுமொழி கூறும் உரிமையை நிலத்தின்மேல் முடிவெடுப்போரோடு நிறுத்திக் கொண்ட அளவில் ஊரின் ஒரு பகுதிக்கே குரலாயிற்று.

வானொலியின் கூற்று காற்றில் கலந்துவிட்டது. நேரலையாக நிகழ்ந்தவற்றுள் பெரும்பகுதிக்கு ஒலிப்பதிவு என்று ஒன்று இருந்ததே இல்லை. ஆனால் கேட்போர் இன்னும் இருக்கின்றனர். ஆடுதுறை 27 பயிரிட்ட உழவர்களும் அதை நட்ட பெண்களும் இன்று முதுமையில் இருப்பவர்கள். ஊராட்சியின் ஒலிபெருக்கிக்குக் கீழ் அமர்ந்து யார் கேட்டனர், யார் தொலைவில் நின்று கேட்டனர், எந்த விளி தம்மை நோக்கியதாகத் தோன்றியது, எது தோன்றவில்லை என்று அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்வதே இந்நிலைய வரலாற்றின் அடுத்த பணி. நிலையத்தின் கோப்புகள் காத்திருக்கும். அவர்கள் நெடுநாள் காத்திருக்க மாட்டார்கள்.